பதினான்கு சென்ரிமீற்றர்

கை குளிர்ந்திருக்கிறது என்றாள் மதாம் றொசே.
இருபத்தெட்டுப் பாகை.
முப்பத்திரண்டாவது வேண்டும்,
குளிர்ந்த நரம்பு பொய் சொல்லும்.

தை மாதம். பஸ்ஸில் கையுறை இல்லாமல் வந்தேன்.
எந்த விரல் எந்த விரலுக்குள் நுழைகிறதென்று
விரலுக்கே தெரிவதில்லை இப்போது.

பேசினில் வெந்நீர், பத்து நிமிடம்.
பத்தொன்பது வருடத்தில்
ஒரு வேலைநாளின் காலை ஒன்பதரைக்கு
என் வலது கை ஒன்றும் செய்யாமல் இருந்தது
இதுதான் முதல் தடவை.
கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

என் வேலை முள் வைப்பது.
மணிக்கூட்டு முகத்தில் முதலில் மணி முள், பிறகு நிமிட முள்,
இடுக்கியால் எடுத்து, அச்சில் இருத்தி,
மூச்சை அடக்கி ஓர் அழுத்தம்.
ஒரு நாளைக்கு நானூறு முகம்.
இரவு இரண்டரைக்கு
அத்தனை முள்ளும் உள்ளங்கையில் ஏறிக்கொள்ளும்.
எழுந்திருந்து உதறுவேன்.
திரும்பவுமோ என்பார் யோகராசா, கண் திறக்காமல்.

மதாம் றொசே அளவுநாடாவை விரித்தாள்.
மணிக்கட்டிலிருந்து மோதிர விரல் வரை
பதினான்கு சென்ரிமீற்றர். நீலப் பேனையால் ஒரு புள்ளி.
மோதிரத்தைக் கழற்ற வேண்டும்.
கழலாது என்றேன்.
சவர்க்காரம், பிறகு நூல், பிறகு அவளுடைய பொறுமை.
கழன்ற இடத்தில்
என் தோலில் நான் மறந்திருந்த ஒரு நிறம்.

"மோதிர விரல் விசித்திரமானது,
பாதி ஒரு நரம்புக்குச் சொந்தம், பாதி இன்னொன்றுக்கு.
ஒரே தூரம், இரண்டு பாதை.
எது முந்தி வருகிறதென்று பார்ப்போம்."
இந்த ஊர் மாதிரி என்றேன்,
பீல் என்றும் பியென் என்றும் பலகை வைத்த ஊர்.
சிரித்தாள்.
அவள் பிரெஞ்சில் கேட்க
நான் ஜெர்மனில் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை
இரண்டு பேரும் அப்போதுதான் கவனித்தோம்.

முதல் அடி,
ஈரக் கையால் சுவிச்சைத் தொட்டது போல.
அடுத்தது பெருவிரலுக்கு.
ஐம்பத்திரண்டு வருடமாக என் சொல் கேட்ட பெருவிரல்
ஓர் அந்நியப் பெண் காலால் மிதித்த பெடலுக்கு
விருட்டென்று எழுந்து நின்றது.

திரையில் இரண்டு குன்று.
சுண்டுவிரல் பக்கத்து நரம்பு மூன்று மில்லிசெக்கன்.
நடு நரம்பு நாலரை.
மணிக்கட்டில் வாசல் ஒடுக்கம், அங்கே நெரிசல்,
ஒன்றரை மில்லிசெக்கன் பிந்துகிறது என்றாள்.
ஒன்றரை மில்லிசெக்கன்!
எங்கள் தொழிற்சாலையில்
அதற்கு ஒருவரும் தலை நிமிர்த்தமாட்டார்கள்.

ஒப்பிடுவதற்கு இடதையும் பார்ப்போம்.
இடது நல்ல கை, வீணாக மெனக்கெடாதீர்கள் என்றேன்.
அவள் ஒரு தடவை பார்த்தாள்.
மின்வாய்களை ஒட்டிவிட்டு இன்னொரு தடவை.
நாலு.
"இது நோகவில்லையா?"
நொந்திருக்கும்.
வலதின் சத்தத்தில் கேட்டிருக்காது.

அறிக்கை வைத்தியர் றைசருக்குப் போகும்,
பிறகு காப்புறுதிக்கு,
பிறகு ஒரு கடிதம் வரும்.
கத்தியா, கட்டா, வேறு வேலையா என்று கேட்டேன்.
நான் அளப்பவள் மட்டும் என்று சொல்லி
என் விரல்களில் இருந்த பசையைத்
தானே துடைத்துவிட்டாள்.

மோதிரம் சில்லறைப் பைக்குள்.
ரயில் நிலைய மேடையில் பெரிய மணிக்கூடு.
சிவப்புச் செக்கன் முள் சுற்றி உச்சிக்கு வந்து
நின்றது.
எப்போதும் நிற்கும்,
எங்கிருந்தோ வரவேண்டிய ஒரு துடிப்புக்காக.
யாரும் அதற்குச் சோதனை எழுதிக் கொடுப்பதில்லை.
நிமிட முள் துள்ள, அதுவும் கிளம்பியது.

நான் மேலங்கியின் மூன்றாவது பொத்தானை
இடது கையால் போட்டுக்கொண்டிருந்தேன்.
நாலாம் தடவை அகப்பட்டது.
ரயில் போய்விட்டது.